கூலி சேலைக்கு, பசி நாளுக்கு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய ஊர். அங்குள்ள திருமாகறலீசுவரர் கோயிலின் தலக்கதையில் ஒரு பலாமரம் வருகிறது. நாள்தோறும் ஒரு பழம் தரும் மரம் அது; பருவம் பார்க்காது, ஓய்வும் எடுக்காது. புராணங்களில் இதைவிடப் பெரிய அதிசயங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் மாதக் கடைசியில் பருப்பு டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு உலை வைக்கிறவர்களுக்கு இந்த ஓர் அதிசயத்தின் அருமை சட்டென்று பிடிபடும். பசி தினமும் வருகிறது. வரவு அப்படி வருவதில்லை. வயலில் கூலிக்குப் போகிறவர்களுக்கு நடவுக்கும் அறுப்புக்கும்தான் கையில் காசு புரளும். காஞ்சிப் பக்கத்துத் தறிக்காரர்களுக்குச் சேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. ஒரு கூலிக்கும் அடுத்த கூலிக்கும் நடுவில் கிடக்கிற நாட்களை அடுப்படிதான் தாண்ட வைக்கிறது. அது எப்படி நடக்கிறது, அதிலிருந்து நாம் எல்லோரும் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

சிக்கனம் என்றதும் வருகிற அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: குறை. எண்ணெயைக் குறை, காயைக் குறை, காபியைக் குறை. இப்படிக் குறைத்துக்கொண்டே போகிற வீட்டில் சில வாரங்களில் எல்லோருக்கும் நாக்கு செத்துவிடும். ஒருநாள் மாலை பொறுக்க முடியாமல் கடைக்குப் போய்ப் பார்சல் வாங்கினால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே வேளையில் கரைந்துவிடும். சமையலோடும் வீட்டுக் கணக்கோடும் பழகிப் பழகி நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. எவ்வளவு குறைவாக வாங்குகிறோம் என்பதைவிட, எங்கிருந்து யோசிக்கத் தொடங்குகிறோம் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. ‘இன்றைக்கு என்ன செய்யலாம்’ என்று தொடங்கினால், செய்ய நினைத்ததற்கு இல்லாத பொருள் ஒன்றாவது இருக்கும். கடைக்கு ஆள் போகும். போன ஆள் அந்த ஒன்றோடு திரும்ப மாட்டார். ‘வீட்டில் என்ன இருக்கிறது’ என்று தொடங்கினால், இருப்பதற்கு ஏற்ற பண்டம் மனதில் தானே வரும். கேள்வியின் வரிசையை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. ஆனால் அந்த மாற்றம் சமைக்கிறவரிடம் கூடுதல் கைத்திறனைக் கேட்கும். இருப்பதைக் கொண்டு சமைப்பது, குறிப்பைப் பார்த்துச் சமைப்பதைவிடக் கடினமான வித்தை.

தறிக்காரர் வீட்டை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. கோர்வைச் சேலை என்றால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளித் தருவார். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறினால் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், குழித்தறியின் குழியில் தண்ணீர் ஊறும், தறி நின்றுபோகும். 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். அது நாடு முழுவதற்குமான கணக்கு. பட்டில் கூலி கொஞ்சம் கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும், சங்கத்துக்கு நெய்தாலும் முதலாளிக்கு நெய்தாலும் காசு வரும் விதம் ஒன்றுதான். விட்டுவிட்டு வரும், வந்தால் மொத்தமாக வரும். அதை வைத்து நாள் தவறாமல் உலை வைக்கத் தெரிந்தவர்களிடம் இருப்பதை வறுமையின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று நகரத்தில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கும், ஒப்பந்த வேலைக்காரருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும் வரவு இப்படித்தான் வருகிறது. ஆகவே தறிக்காரர் வீட்டுப் பாடம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

தறியிலேயே அந்தப் பாடம் கண்ணெதிரே நடக்கிறது. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நுனியை உருவி எறிந்துவிட மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் கோத்தது கோத்தபடி அந்த நுனி நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, அதன் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, இரண்டு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், கண்ணும் விரலும் மட்டுமே கருவி. பிணைத்து முடித்ததும் பழைய நுனியை மெல்ல இழுத்தால், அது புதுப் பாவை விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் தானே கூட்டிக்கொண்டு வரும். பழைய நுனியை அறுத்து எறிந்திருந்தால் ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். நல்ல அடுப்படியும் இப்படித்தான் நடக்கிறது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு உறையாகிறது. சாம்பாருக்கு வெந்த பருப்பின் தெளிந்த நீர் ரசத்துக்குப் போகிறது. இரவு மிஞ்சிய சோறு காலையில் பழையதாகிறது. எந்தச் சமையலும் வெறும் பாத்திரத்திலிருந்து தொடங்குவதில்லை என்று இருந்தால், செலவும் உழைப்பும் சேர்ந்தே குறைகின்றன.

இதனால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்பது நியாயம். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இதற்கு நல்ல தடயம் கிடைக்கிறது. இந்தியக் கிராமங்களில் குடும்பச் செலவில் உணவின் பங்கு 46 விழுக்காடு. 1999-2000இல் அது 59 விழுக்காடாக இருந்தது. இந்த 46இல் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குப் போவது 5 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பானங்கள், பதப்படுத்திய பண்டங்கள் போன்றவற்றுக்குப் போவது 9.6 விழுக்காடு, அதாவது தானியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. அப்படியிருக்க, ஒரு பிடி சோற்றைக் காப்பாற்றுவதால் என்ன லாபம் என்று சிலர் கேட்பார்கள். சோற்றின் விலையை மட்டும் பார்த்தால் லாபம் ஒன்றும் இல்லைதான். ஆனால் மிஞ்சிய சோறு மாலையில் தாளித்த சோறாகிவிட்டால், அன்றைக்குப் பரோட்டா பார்சல் வாங்கவேண்டிய தேவை இருக்காது. புளித்த மாவு பணியாரமானால் பள்ளிவிட்டு வருகிற பிள்ளைக்குப் பொட்டலத் தின்பண்டம் வேண்டாம். மிச்சத்தின் மதிப்பை அதன் விலையால் அளக்கக் கூடாது. அது தடுக்கிற செலவால் அளக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட வீடு அரிசியை எண்ணிக்கொண்டிருக்காமல் பொட்டலங்களை எண்ணத் தொடங்கும். வீணாவதிலும் இதே கதைதான். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அந்த அறிக்கையின் மதிப்பீடு. நம் வீட்டுக் குப்பைக்கூடையைக் குனிந்து பார்த்தால் அந்தக் கணக்கை நம்புவது கடினமாக இருக்காது.

நடைமுறைக்கு வருவோம். முதல் பழக்கம், ஆயுள் பார்த்துச் சமைப்பது. கூடையில் இருப்பவற்றில் எது முதலில் கெடும் என்று தினம் ஒருமுறை பார்த்தால் போதும். சமையல் பட்டியல் தானே அமைந்துவிடும். வாங்கி வந்த அன்றே கீரை. மறுநாளுக்குள் வெண்டையும் கத்தரியும். தக்காளி கனிந்துவிட்டால் அன்றைக்கே தொக்கு. அவரை, பீர்க்கன், புடலை அடுத்து. பூசணி, சேனை, உருளை, வெங்காயம், வாழைக்காய் எல்லாம் கடைசி நாட்களுக்கு. மழை பெய்து தெருவில் இறங்க முடியாத நாளுக்கும், கூலி தள்ளிப்போன வாரத்துக்கும் அவைதான் துணை. ஆசைப்பட்ட காயை முதலில் சமைத்துவிட்டு, கீரையை நான்காம் நாள் வாடிய கட்டாகத் தூக்கிப் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. சந்தை நாளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வந்தால் இந்த வரிசை குலைந்துபோகும். பாதியை எறிந்துவிட்ட பிறகு மலிவுக்கு என்ன பொருள்? ஆகவே கடைக்குப் போகும்முன் கூடையைப் பார்ப்பதும், கடைப் பட்டியலை அடுப்படியில் நின்று எழுதுவதும் சிக்கனத்தின் பாதி வேலை.

இரண்டாவது பழக்கம், புளிப்பைப் பகையாகப் பார்க்காமல் சரக்காகப் பார்ப்பது. மாவு புளித்துவிட்டதே, மோர் புளித்துவிட்டதே என்று வருந்துவதற்கு முன், புளிப்பு இருந்தால்தான் ருசிக்கும் பண்டங்களை நினைத்துக்கொள்ள வேண்டும். மோர்க்களியைப் பாருங்கள். வீட்டில் ஒரு டம்ளர் அரிசி மாவும், யாரும் குடிக்க மறுக்கிற புளித்த மோரும் இருந்தால் போதும். மாவை மோரில் கட்டியில்லாமல் உப்புப் போட்டு நீர்க்கக் கரைத்துக்கொள்ள வேண்டும். வாணலியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கரைசலை ஊற்றி, சிறுதீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் கூழாக இருக்கும், பிறகு இறுகும், மாவு வெந்து பளபளவென்று திரண்டு, வாணலியை விட்டு விலகும்போது ஈரக்கையால் தொட்டால் ஒட்டாது. அதுதான் பதம். காய் வேண்டாம், குழம்பு வேண்டாம், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு ஊறுகாய் இருந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. புதிய மோரில் இதைச் செய்தால் சப்பென்று இருக்கும். புளித்த இட்லிமாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப்போட்டால் குழிப்பணியாரம். மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்தால் உப்புமா. தேங்காய் சேராத புளிக்குழம்பை மறுநாள் சுண்டவைத்தால், முதல் நாளைவிடச் சுவை கூடும். இவற்றில் எதையும் மிச்சத்தைச் சமாளிப்பதற்கான சமையல் என்று யாரும் சொல்வதில்லை. தமக்கென்று பெயரும் சுவையும் உள்ள பண்டங்களாகவே இவை இருக்கின்றன. மிச்சத்தை மிச்சமாகவே மறுபடி சூடாக்கி வைத்தால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அதை வேறொரு பண்டமாக மாற்றிவிட்டால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

மூன்றாவது, எறிகிற பாகத்தைக் கவனிப்பது. பீர்க்கங்காய்த் தோலை உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். முள்ளங்கியின் தழை பருப்போடு சேர்ந்தால் கூட்டு. பலாக்கொட்டை கத்தரிக்காயோடு குழம்பில் சேரும். கொத்தமல்லித் தண்டை ரசத்தில் நசுக்கிப் போட்டால் மணம் தழையைவிடக் கூடுதல். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளி கரைத்தால் குழம்புக்குக் கொஞ்சம் கெட்டித்தன்மை வரும். வடித்த கஞ்சியில் உப்பிட்டால் வெயிலில் வருகிறவருக்கு முதல் உபசாரம். காஞ்சிபுரத்தில் பட்டு நூலையே அரிசிக் கஞ்சியில் தோய்த்து வெயிலில் காயவைத்து விறைப்பேற்றுகிறார்கள். கஞ்சியை வீணென்று நினைக்கும் பழக்கம் அந்த ஊருக்குப் பொருந்தாது. ஆனால் எல்லாத் தோலையும் தின்னச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய காய்களில் மருந்துத் தெளிப்பு அதிகம். தோலைப் பயன்படுத்துவதானால் ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கு விளைந்தது என்று தெரியாத, மெழுகு பூசிப் பளபளக்கிற காயின் தோலைக் குப்பைக்கோ எருக்குழிக்கோ அனுப்புவதில் குற்றமில்லை. சிக்கனத்துக்காக உடம்பைப் பணயம் வைப்பது கடைசியில் மருத்துவச் செலவில் முடியும்.

நான்காவது, காசு மொத்தமாக வரும் நாளில் அதைக் கெடாத பொருளாக மாற்றுவது. கூலி கைக்கு வந்ததும் முதல் செலவு புளி, மிளகாய், உப்பு, பருப்பு, எண்ணெய் என்று இருந்தால், அடுத்த கூலி தாமதமானாலும் வீடு ஆடாது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால், ரேஷன் பருப்பை வாங்காமல் விடுவது கையிலிருக்கும் காசை வேண்டாம் என்பதற்குச் சமம். ரேஷன் புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிமாவுக்குப் போகட்டும். பச்சரிசி களிக்கும் புட்டுக்கும் ஆகட்டும். வெயில் காலத்தில் வெயிலே சேமிப்புக் கிடங்கு. மலிந்த கத்தரியும் கொத்தவரையும் வற்றலாகும். மிஞ்சிய சோறு மிளகாய், சீரகம், உப்போடு அரைபட்டு வடகமாகும். புளித்த மோரில் ஊறிய மிளகாய் ஆண்டு முழுவதும் வரும். கெடாமல் வைப்பதில் காஞ்சிபுரத்துக்கு நல்ல ஆசான் ஒன்று இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியில் அரிசி, உளுந்தோடு மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்கின்றன. மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் நெடுநேரம் வெந்து வருவதால் அது சாதாரண இட்லியைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். அதன் மசாலா முழுதும் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதுதான். தாங்கும் சமையலுக்கு விலையுயர்ந்த சரக்கு தேவையில்லை. எதோடு எது சேர்ந்தால் நிற்கும் என்ற அறிவு போதும்.

ஐந்தாவது அளவு. செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கலக்கும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையும், வேதம் பயின்றவர்கள் தங்கிய விடுதியும் அங்கே நடந்ததை அது சொல்கிறது. எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று வரவைப் பகுத்து எழுதியிருப்பதால்தான் அந்த அறம் நடந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. தாராளமும் கணக்கும் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும். வீட்டில் இதன் பொருள் எளிது: அரிசியைக் கண்ணளவில் போடாமல் ஒரே ஆழாக்கால் அளப்பது, மிஞ்சினால் மறுநாள் அரை ஆழாக்குக் குறைப்பது. அடுப்புக்கும் அளவு உண்டு. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயை எவ்வளவு ஏற்றினாலும் அதன் சூடு கூடாது, ஆவிதான் கூடுதலாகப் போகும். ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவைத்தால் பருப்பு அதே நேரத்தில் வேகும். முன்னிரவிலேயே ஊறிய கொண்டைக்கடலையும், அரைமணி ஊறிய பருப்பும் சீக்கிரம் வேகும். ஒரே குக்கரில் அடுக்கடுக்காகச் சோறும் பருப்பும் காயும் வைத்தால் சிலிண்டர் கூடுதல் நாள் வரும்.

இனி மறுப்புகள். முதலாவது, பழையதும் புளித்ததும் உடம்புக்கு ஆகுமா என்பது. பழைய சோற்றைப் பற்றி இன்று இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் நடக்கிறது. ஓரிரவு ஊறினால் சோற்றில் இரும்புச்சத்து பல மடங்கு பெருகும் என்று பரப்புகிறார்கள். தண்ணீரில் ஊறுவதால் சோற்றுக்குள் புது இரும்பு முளைக்காது. நொதிக்கும்போது தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் சத்துக்கள் உடம்பு எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வரும் என்பதுதான் நியாயமான கூற்று. மறுபக்கம், அது நஞ்சு என்று பயமுறுத்துவதும் தவறு. சோற்றில் வேகவைத்தாலும் சாகாத சில கிருமிகளின் வித்துகள் இருக்கும்; வெதுவெதுப்பான சோற்றை மணிக்கணக்கில் அப்படியே மூடிவைத்தால் அவை பெருகி, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நஞ்சைக் கக்கக்கூடும். சோறு ஆறியதும் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீர் ஊற்றிவிட்டால், நொதிக்கும்போது வரும் புளிப்பு அந்தக் கிருமிகளைப் பெரும்பாலும் அடக்கும். ஆகவே விதி இது: ஆறியதும் தண்ணீர் ஊற்று, காலையிலேயே தின்றுவிடு, வழவழப்போ கெட்ட வாடையோ இருந்தால் தயங்காமல் கொட்டிவிடு. தேங்காய்ச் சட்னியையும் கீரையையும் மறுநாளுக்கு வைக்காதே. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் எப்போதும் புதுச் சமையல்தான். கெட்டுப்போனதைக் காப்பாற்ற நினைப்பது சிக்கனத்தில் சேராது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. வடகம் பிழிவதும், தோலை அரைப்பதும், களி கிளறுவதும் யார் வேலை? 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீட்டுவேலை செய்யும் பெண் அதற்காக ஒருநாளில் செலவிடுவது 289 நிமிடம். வீட்டுவேலை செய்யும் ஆணோ 88 நிமிடம். தறிக்காரர் வீட்டில் பெண் நூலும் சுற்றுகிறாள், தறியிலும் உட்காருகிறாள், அதற்கு மேல் இதுவும். குடும்பச் சிக்கனம் என்ற பெயரில் அவளுடைய உழைப்பை இனாமாக வாங்கிக்கொண்டால், சேமித்ததாக நினைக்கும் காசு அவள் கணக்கில் கடனாக நிற்கிறது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் இருப்பதிலிருந்து தொடங்கும் சமையலை உழைப்பு கூடுகிற பக்கம் கொண்டுபோகாமல், குறைகிற பக்கம் கொண்டுபோக வேண்டும் என்கிறேன். பழையது அடுப்பே கேட்காது. ஒரே பருப்பு சாம்பாருக்கும் ரசத்துக்கும் போனால் வேலை ஒன்று மிச்சம். கூடையைப் பார்ப்பதும், பட்டியல் எழுதுவதும், தோலைக் கழுவுவதும், களி கிளறுவதும் ஆண் கைக்கும் பிள்ளைகளின் கைக்கும் வரக்கூடிய வேலைகள். ‘என்ன இருக்கிறது’ என்ற கேள்வியை வீட்டில் ஒருத்தி மட்டும் சுமந்தால் அது பாரம். எல்லோரும் கேட்டால் அது வீட்டின் பழக்கமாகிவிடும்.

மூன்றாவது மறுப்பு ஊட்டம். இருப்பதை வைத்துச் சமைத்தால், இருப்பது பெரும்பாலும் அரிசியாகவே இருக்கும். தோசையாகவும் களியாகவும் பணியாரமாகவும் வடிவம் மாறினாலும் உள்ளே போவது ஒரே மாவுச்சத்துதான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டில் குழம்பின் அடிவண்டலும் காயின் மிச்சமும் மட்டும் விழுகிற வீடுகளில் இந்த எண்ணிக்கை குறையாது. ஆகவே சிக்கனம் தொடக்கூடாத எல்லை ஒன்றை முதலிலேயே போட்டுவிட வேண்டும். பருப்பு, கீரை, முட்டை, வேர்க்கடலை, பால் ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. பொட்டலத் தின்பண்டத்தில் மிச்சமானது இவற்றுக்கு வர வேண்டும். முருங்கைமரம் இருக்கும் தெருவில் கீரைக்குப் பஞ்சமில்லை; கேழ்வரகும் கம்பும் ஆடி மாதக் கூழோடு நின்றுவிடாமல் மற்ற மாதங்களிலும் அடையாகவும் களியாகவும் வரலாம். பரிமாறும்போது சமைத்தவளின் பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடுவது, எந்தச் சத்துமாத்திரைக்கும் முன்பு செய்யவேண்டிய காரியம்.

கடைசி மறுப்பு கோபத்தோடு வரும். கூலியை உயர்த்தக் கேட்காமல் கஞ்சியில் உப்புப் போடச் சொல்கிறாயே என்பார்கள். லட்சக்கணக்கில் விலைபோகும் சேலையை நெய்கிறவர் வீட்டில் பருப்பை எண்ணிப் போடுகிறார்கள் என்றால், அந்தக் குறையை அடுப்படிச் சாமர்த்தியத்தால் மூடிமறைக்கக் கூடாது. நியாயமான கூலி, மழைக்கால நிவாரணம், சேலை கொடுத்த அன்றே பணம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறவேண்டியது உரிமை. ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை உலை வைக்காமல் இருக்க முடியாது. இருப்பதைக் கொண்டு நாலு நாள் கூடுதலாக நிற்கத் தெரிந்த குடும்பம், அவசரத்துக்கு முன்பணம் வாங்கி முதலாளியிடம் கட்டுப்படவேண்டிய நெருக்கடியைத் தள்ளிப்போட முடியும். கூலி பேசும்போது அவர்கள் குரலில் அது தெரியும். கூலி உயர்ந்த பிறகும் இந்தத் திறன் வீணாகாது. உயர்ந்த கூலி பொட்டலங்களுக்குப் போகாமல் பிள்ளையின் படிப்புக்கும் வீட்டின் கூரைக்கும் போக அது வழிசெய்யும்.

இதையெல்லாம் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இன்றைக்குக் கடைக்குப் போவதற்கு முன், வீட்டில் இருப்பவற்றை எல்லோருமாகச் சேர்ந்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எது முதலில் கெடும் என்று வரிசைப்படுத்துங்கள். அதில் முதல் மூன்றைக் கொண்டு நாளைய சமையலை முடிவு செய்யுங்கள். வாங்காமல் விட்ட பொட்டலங்களின் விலையைத் தனியாக எழுதிவையுங்கள். மாதம் முடிந்ததும் அந்தத் தொகையில் முதல் பங்கை முட்டைக்கும் பருப்புக்கும் ஒதுக்குங்கள், அதில் சமைத்தவரின் தட்டு நிறைகிறதா என்றும் பாருங்கள். அது நிறைந்தால்தான் சிக்கனம் அந்த வீட்டில் சரியாக நடக்கிறது என்று சொல்வேன்.